தௌனோவின் லைஃப் ஜாக்கெட்

"இதைப் போட்டாத்தான் படகுல ஏறலாம்" என்று லைஃப் ஜாக்கெட்டும் கையுமாகப் படகுத்துறையை மறித்துக்கொண்டு நின்றாள் ரைலி.

அவள் புருஷன் தௌனோ தூண்டிலைத் தோள் மாற்றிக்கொண்டான். "இந்தா பாரு ரைலி, முப்பது வருஷமா இந்த ஏரியில மீன் பிடிக்கிறேன். ஒரு தடவையாவது நனைஞ்சு வந்திருக்கேனா?"

அது உண்மைதான். கோடை வீட்டுக்கு வந்துவிட்டால் போதும், காலையில் கரையோரமாகத் துடுப்புப் போட்டுக்கொண்டு பாறைமுனையைத் தாண்டி மறைவான். மதியத்துக்குள் மீனோடு திரும்புவான். அதுவும் செதில் சீவி, குடல் எடுத்து, அப்படியே சட்டியில் போடுகிற பதத்தில். இப்படி ஒரு புருஷன் பின்லாந்தில் எத்தனை பேருக்கு வாய்க்கும்? அவனை ஏரிக்குக் கொடுக்க ரைலிக்கு மனமில்லை. நடுக்கோடைத் திருநாள் வந்தாலே எங்கோ ஓர் ஏரியில் யாரோ ஒருவன் மூழ்கிப் போனதாக வானொலி சொல்லும். அந்த ஒருவன் தன் வீட்டு ஆளாக இருக்கக் கூடாது என்று இந்த வருஷம் கங்கணம் கட்டிக்கொண்டிருந்தாள்.

பழைய ஆரஞ்சு ஜாக்கெட்டைப் போட்டால் பூசணிக்காய் மாதிரி இருக்கிறது என்று போன வருஷம் அவன் தட்டிக்கழித்தான். அதனால்தான் இந்தப் புதியதை வாங்கினாள். பட்டையாக, மெலிசாக இருக்கும். தண்ணீர் பட்டால் தானாக ஊதிக்கொள்ளும்.

தௌனோ அதைத் தொட்டுப் பார்த்தான். ஜில்லென்று இருக்கிறதாம், நாளைக்குப் போடுகிறானாம். அன்று மீன் பிடிக்கவும் போகவில்லை.

ஜில்லென்றுதானே இருக்கிறது? சாயங்காலம் அவன் சௌனா என்கிற நீராவிக் குளியலறைக்குள் போகுமுன், அங்கே சுவரில் அதை மாட்டிவைத்தாள் ரைலி. நன்றாகச் சூடாகட்டும் என்று.

தௌனோ வழக்கம்போல அடுப்புக் கற்களில் ஒரு அகப்பை தண்ணீரை ஊற்றினான். நீராவி குப்பென்று எழுந்தது. பின்னாலேயே 'டமார்' என்று ஒரு சத்தம். பிறந்த மேனியாகப் படகுத்துறை வரைக்கும் ஓடிவந்துதான் நின்றான். பக்கத்துத் துறையில் காபி குடித்துக்கொண்டிருந்த அண்டை வீட்டுக் கெர்த்து, மரியாதையாகக் கோப்பையை உயர்த்தி வணக்கம் சொன்னாள்.

"வெடிக்கிற சட்டையை எல்லாம் நான் போட மாட்டேன்" என்று தௌனோ அன்றே சபதம் செய்துவிட்டான்.

மறுநாள் திருநாள். ரைலியின் தங்கை குடும்பம் விருந்துக்கு வருகிறது. மீனுக்கு நான் பொறுப்பு என்று தௌனோ எப்போதோ வாக்குக் கொடுத்திருந்தான். எப்படியும் படகை எடுப்பான் என்று ரைலிக்குத் தெரியும். விடிந்ததும் போய், மழைத்தண்ணீரை வடிப்பதற்காகப் படகின் அடியில் இருக்கும் ஓட்டையை அடைத்திருந்த தக்கையைப் பிடுங்கி, ஏப்ரன் பையில் போட்டுக்கொண்டாள். பூசணிக்காய் ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டால் தக்கை கிடைக்கும் என்று அவனிடம் கண்டிப்பாகச் சொன்னாள்.

அவன் தூண்டிலைச் சுவரில் சாத்திவைத்தான். ஜெயித்துவிட்டோம் என்று நினைத்த ரைலி, திருநாளுக்கு வாசலில் கட்டுவதற்கு பிர்ச் மரக் கிளை வெட்டப் போனாள்.

திரும்பி வந்தால் படகைக் காணோம். ஆரஞ்சு ஜாக்கெட் துறையில் அநாதையாகக் கிடந்தது. சமையல் மேசையில் கத்தி இருந்தது. பக்கத்தில், விருந்துக்கு வைத்திருந்த தடித்த இறைச்சி சாசேஜில் ஒரு துண்டு குறைந்திருந்தது. சாசேஜையும் தக்கையையும் ஒட்டிவைத்துப் பார்த்தாள். ஒரே பருமன்.

உயிரைக் காப்பாற்றுகிறேன் என்று கிளம்பி, ஓட்டைப் படகில் அல்லவா அவனை அனுப்பிவிட்டாள்!

மீட்புப் படகுக்குப் போன் போட்டுவிட்டு, கெர்த்துவின் படகில் குதித்தாள்.

"ரைலி, நீ ஜாக்கெட் போடலையே" என்றாள் கெர்த்து.

அதெல்லாம் காதில் விழுகிற நிலையில் அவள் இல்லை. பாறைமுனை தாண்டியதும் கோரைப்புல்லுக்கு நடுவே தௌனோவின் படகு விளிம்பு வரை முழுகிக் கிடந்தது. ஓட்டையில் சாசேஜ் பாதிதான் இருந்தது. மீதியை மீன்கள் தின்றிருந்தன. அவன் தொப்பி மட்டும் மிதந்துகொண்டிருந்தது. படகின் கயிறு கரையோர மரத்தில் நேர்த்தியாகக் கட்டியிருந்ததை அவள் எங்கே பார்த்தாள்? தண்ணீரில் இறங்கி, மார்பளவு ஆழத்தில் நின்று, துடுப்பால் புல்லைக் குத்திக் குத்தித் தேடினாள்.

மீட்புப் படகு வந்தது. திருநாள் நெருப்புக்கு விறகு அடுக்கிக்கொண்டிருந்தவர்களும் எல்லாவற்றையும் போட்டுவிட்டுப் படகுகளில் வந்துவிட்டார்கள். ஜாக்கெட் இல்லாமல் தண்ணீரில் இறங்கியதற்கு மீட்புத் தலைவர் ரைலியைக் கடிந்துகொண்டார். முதலில் கரையேறச் சொன்னார்.

"அவன் இல்லாம நான் ஏற மாட்டேன்" என்று அழுதுகொண்டே இன்னும் ஒரு அடி ஆழத்துக்குப் போனாள் ரைலி.

சத்தம் கேட்டு, கோரைப்புல்லுக்குப் பின்னாலிருந்த ஒற்றையடிப் பாதையில் ஹில்க்கா வந்தாள். சாலையோர மீன்கடைக்காரி. கையெல்லாம் மீன் செதில். யாரைத் தேடுகிறீர்கள் என்று கேட்டாள். மீட்புத் தலைவர் தொப்பியைக் கழற்றிவிட்டு, தௌனோ முழுகிவிட்டான் என்று மெதுவாகச் சொன்னார்.

"தௌனோ அண்ணனா? எங்க கடையில காபி குடிச்சிட்டிருக்காரு, அவரு வாங்கின மீனை நான் இன்னும் சுத்தம் பண்ணி முடிக்கல. தண்ணின்னாலே அவருக்குக் கை கால் நடுங்குமே ரைலி அக்கா, முப்பது வருஷமா இந்த மரத்தைத் தாண்டி அவரு எங்க போயிருக்காரு?"