விலை பேசும் பெட்டி

"விலை கேட்க இடமில்லாதது என்ன கடை?" என்று மஹ்ரூப் ஹாஜியார் கம்ப்யூட்டரை மருமகன் பக்கமே திருப்பிவிட்டார்.

மாதச் சந்தா கட்டினால் கிடைக்கும் ஒன்லைன் கடை மென்பொருளின் மாதிரி திரையில் இருந்தது. ஏலக்காய், கராம்பு, சாதிக்காய் எல்லாம் வரிசையாக, ஒவ்வொன்றின் கீழும் ஒரே ஒரு விலையோடு நின்றன.

"விலை போட்டிருக்கே, மாமா," என்றான் ஸுஹைல்.

"அது நீ சொல்ற விலை. வாங்குறவன் கேக்குற விலை எங்க?"

மாத்தளைக் கடைத்தெருவில் முப்பத்தைந்து வருடம் வாசனைச் சரக்கு விற்றவர் ஹாஜியார். ஒரு கிலோ மிளகு விற்பதற்குள் வந்தவரின் ஊர், மகள் கல்யாணம், முதுகு வலி எல்லாவற்றையும் விசாரித்து முடித்துவிடுவார். முழங்காலில் ஆபரேஷன் ஆனதும் டொக்டர் கடைக்குப் போகக் கூடாது என்றார். கடை ஸுஹைல் கைக்குப் போனது. அவன் முதல் வேலையாக 'விலை பேசப்படாது' என்று ஒரு பலகையை மாட்டினான். ஹாஜியாருக்கு மிஞ்சியிருந்தது இனிமேல் திறக்கப்போகும் ஒன்லைன் கடை மட்டும்தான். அதுவும் போனால் மிச்ச ஆயுளுக்கும் டிவி முன்னால் உட்கார வேண்டும். நினைக்கவே அவருக்குப் பயமாக இருந்தது.

மகள் நுஸ்லா கம்ப்யூட்டர் வகுப்பு நடத்துபவள். புருஷனை ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டே அவள் சொன்னாள்: "சந்தா எதுக்கு, வாப்பா? ஓப்பன் சோர்ஸ்னு ஒண்ணு இருக்கு. சும்மாவே கெடைக்கும். உள்ள இருக்கிறதெல்லாம் தெறந்த மாதிரியே இருக்கும். நமக்கு ஏத்த மாதிரி மாத்திக்கலாம்."

"விலை பேசவும் வைக்கலாமா?"

"வைக்கலாம்."

"அப்ப அதுதான்."

"சும்மா கெடைக்கிறது ஒடைஞ்சா யாரைக் கூப்பிடுறது?" என்று ஸுஹைல் கேட்டான்.

"என்னைக் கூப்பிடுங்க."

"இப்பவே கூப்பிட்டுக்கிட்டுத்தானே இருக்கேன். என்னைக்கு நீ ஒரு தடவையில வந்திருக்க?"

கடைசியில் ஓர் ஒப்பந்தம் ஆனது. மாதம் முடிவதற்குள் ஹாஜியார் விலை பேசி ஒரு சாமானாவது விற்றுக்காட்ட வேண்டும். இல்லையென்றால் ஒன்றாம் தேதி சந்தாக் கடை.

நுஸ்லா ஒவ்வொரு சாமானுக்கும் கீழே 'உங்கள் விலை என்ன?' என்று ஒரு பெட்டி வைத்தாள். மறுநாளே யாரோ ஒரு கிலோ மிளகை ஒரு ரூபாய்க்குக் கேட்டார்கள். மென்பொருள் சந்தோஷமாகச் சம்மதித்துவிட்டது. அந்த ஆளிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு, நுஸ்லா அதற்கு எல்லை போட்டாள். உடனே அது முழு விலை கொடுக்க வந்தவர்களையும் முடியாது என்று திருப்பி அனுப்பியது. அதைச் சரிசெய்தபோது கராம்பின் படம் சாதிக்காய்க்கும் சாதிக்காயின் படம் கொச்சிக்காய்த்தூளுக்கும் போய் உட்கார்ந்துகொண்டது. கடைசியில் பதிலை ஹாஜியாரே தட்டுகிற மாதிரி மாற்றி எல்லாம் ஒழுங்கானபோது கடை இருந்தது, வாங்க வந்த ஆட்களைத்தான் காணவில்லை.

"சந்தாக் கடையில இந்தத் தலையிடியே இல்ல, மாமா," என்று ஸுஹைல் பணிவாகச் சொன்னான். அந்தப் பணிவுதான் ஹாஜியாருக்குப் பொறுக்கவில்லை.

பதினாறாம் தேதி காலையில் பெட்டிக்குள் ஒரு வரி வந்திருந்தது. பெயர் இல்லை. 'கஸ்டமர் 17' என்று மட்டும் இருந்தது.

'கால் கிலோ ஏலக்காய். 2500க்குத் தருவீங்களா?'

போட்டிருந்த விலை நாலாயிரத்து ஐந்நூறு. ஹாஜியார் நிமிர்ந்து உட்கார்ந்தார். ஒற்றை விரலால் எழுத்தெழுத்தாகத் தட்டினார்: 'அந்த விலைக்கு ஏலக்காய்த் தோல்தான் கெடைக்கும். எதுக்கு வாங்குறீங்க?'

'வட்டிலப்பத்துக்கு.'

'அப்ப கால் கிலோ எதுக்கு? ஊருக்கே செய்யப் போறீங்களா?'

'ஆள் வந்தா செய்வேன். யாரும் வரலியே.'

அன்று முழுக்க பேச்சு ஓடியது. கஸ்டமர் ஐம்பது ரூபாய் ஏற, ஹாஜியார் இருபத்தைந்து இறங்கினார். இடையில் மழை, மிளகுக் கொடி, அவர் முதன்முதலாகக் கடை போட்ட கதை எல்லாம் வந்தன. அடுத்த நாளும் அப்படியே. ஒரு வாரத்தில் ஹாஜியாரின் குரலே மாறிவிட்டது. கண்ணாடி முன்னால் தாடியைச் சீவினார்.

வீட்டில் மட்டும் மாற்றம் இல்லை. முப்பத்தாறு வருடக் குடித்தனத்தில் பேச வேண்டியதெல்லாம் பேசி முடிந்துவிட்டது என்பது அவர் எண்ணம்.

"சோறு போடவா?" என்பாள் மனைவி மஸீஹா.

"ம்."

"கால் வலி எப்படி?"

"ம்."

அவள் தட்டை வைத்துவிட்டுத் தன் போனை எடுத்துக்கொண்டு குசினிக்குப் போய்விடுவாள். இவர் தன் போனை எடுத்துக்கொண்டு முன் விறாந்தைக்கு வருவார்.

இருபத்தைந்தாம் தேதி கஸ்டமர் 17 கேட்டது: 'உங்க வீட்டு வட்டிலப்பம் எப்படி?'

ஹாஜியார் யோசிக்கவே இல்லை. 'என் பொஞ்சாதி கையால சாப்பிட்டவன் வேற எங்கயும் வாய் வைக்க மாட்டான். இந்த மாத்தளையிலேயே அப்படி ஒரு கை கெடையாது.'

'அவங்ககிட்ட இதைச் சொல்லியிருக்கீங்களா?'

'இதையெல்லாம் சொல்லணுமா? அவவுக்குத் தெரியும்.'

அதோடு பேச்சு நின்றது. அன்று பதில் இல்லை. மறுநாளும் இல்லை. ஹாஜியார் கலங்கிப்போனார். வியாபாரத்துக்கு நடுவில் வீட்டுப் பெருமையை அளந்து வாடிக்கையாளரைத் துரத்திவிட்டோம் என்று தன்னையே திட்டிக்கொண்டார். நாலாயிரத்துக்கு இறங்கினார். பதில் இல்லை. கால் கிலோவுக்கு நூறு கிராம் கராம்பு சும்மா என்றார். பதில் இல்லை.

இருபத்தெட்டாம் தேதி ராத்திரிச் சாப்பாட்டின்போது மஸீஹாவின் கண் சிவந்திருந்தது. வெங்காயம் என்று நினைத்துக்கொண்டார்.

"நாளைக்கு றிப்னா வீட்டுக்குப் போய் ரெண்டு நாள் இருந்துட்டு வாறேன்," என்றாள். றிப்னா அவள் தங்கை.

"ம்."

மாதம் முடிய இரண்டே நாள் இருந்தது. ஹாஜியார் பல்லைக் கடித்துக்கொண்டு தட்டினார்: 'சரி. நீங்க மொதல்ல கேட்ட விலைக்கே தாறேன். 2500. எடுத்துக்கங்க.'

வெகுநேரம் கழித்துப் பதில் வந்தது: 'ஏன் இப்படிச் செஞ்சீங்க?' அதற்குப் பின்னால் ஓடரும் வந்தது. விலாசம் பல்லேபொலச் சந்தியில் ஒரு பார்மசி. வீட்டு நம்பர் சொல்லிப் பயனில்லாத ஊர்களில் எல்லாரும் கடை விலாசம்தான் கொடுப்பார்கள்.

ஸுஹைல் ஓடரைப் பார்த்தான். "கைநட்டம், மாமா. ஆனா சொன்ன சொல் சொன்னதுதான். பெட்டி இருக்கட்டும்." நுஸ்லா வெற்றியைச் சத்தமில்லாமல் கொண்டாடினாள்.

ஹாஜியாருக்குத்தான் ஒன்றும் இனிக்கவில்லை. கடை பிழைத்துவிட்டது. ஆனாலும் காலையில் எழுந்ததும் பெட்டியைத் திறந்து பார்த்தார், மதியமும் பார்த்தார். அது வெறுமையாகக் கிடந்தது. இத்தனை வருட வியாபாரத்தில் ஒரு சாமான் விற்றுப்போனதற்காக அவர் வருத்தப்பட்டது இதுதான் முதல் தடவை.

முப்பதாம் தேதி சாயந்தரம், பார்சல் கொண்டுபோகும் முத்துவீரன் மோட்டார் சைக்கிளை வாசலில் நிறுத்தி, கையெழுத்துத் துண்டை நீட்டினான். கடைப் பார்சல்களை எடுக்கக் கிழமைக்கு நாலு தடவை அந்த வீட்டுக்கு வந்து போகிறவன்.

"பல்லேபொலைக்குக் குடுத்துட்டேன், மொதலாளி. பார்மசி வாசலுக்கே வந்து வாங்கிக்கிட்டாங்க."

"வாங்கினவங்க ஏதும் சொன்னாங்களா?"

முத்துவீரன் ஹெல்மட்டைக் கழற்றித் தலையைச் சொறிந்தான்.

"இவ்வளவு சீக்கிரம் நீங்க வெலைய எறக்கியிருக்கக் கூடாது, இன்னும் கொஞ்ச நாள் பேசிக்கிட்டு இருந்திருக்கலாம்னு ரொம்ப வருத்தப்பட்டாங்க, உங்க வீட்டம்மா."