அரக்கு சீல் வைத்த வைஃபை

அரசாங்கம் வெளியிட்ட எந்தக் காகிதத்தையும் கடைசி வரி வரை படித்து, அப்படியே நடக்கிறவன் நான். டெல்லி உத்தியோகம் கொடுத்த வியாதி.

சரோஜினி நகர் குவார்ட்டர்ஸில் எங்கள் வீட்டுக்கு வைஃபை வந்த புதிது. மாடி வீட்டுக்காரர் என்னைப் படியில் நிறுத்தி, "பாயி சாப், உங்க நெட் எங்க வீட்டில் பஹுத் அச்சா!" என்று பாராட்டினார். நான் அதுவரை பாஸ்வேர்டே வைத்திருக்கவில்லை. யாராவது என் நெட்டில் ஏடாகூடமாக எதையாவது அனுப்பிவைத்து, போலீஸ் என் கதவைத் தட்டினால்?

அரசின் வைஃபை பாதுகாப்பு வழிகாட்டுதல்களை அச்செடுத்து, அடிக்கோடிட்டுப் படித்தேன். பாஸ்வேர்டு நீளமாக இருக்க வேண்டும். பதினாறு எழுத்தில் வைத்தேன். கணினியில் சேமிக்கக் கூடாது, கண்ணில் படும் இடத்தில் எழுதி வைக்கவும் கூடாது. (இங்கேதான் என் மூளை வேலை செய்தது.) ஒரு சீட்டில் எழுதி, ரகசியக் கடிதம்போல இரட்டைக் கவரில் போட்டு, அரக்கு சீல் வைத்து, வெள்ளிக்கிழமை ஆபீஸ் பீரோவில் பூட்டிவிட்டு வந்தேன்.

நம் நேரத்துக்கு ஞாயிறு காலை, அமெரிக்காவில் என் மைத்துனன் குழந்தைக்குப் பெயர் வைக்கிறார்கள். காதில் பெயர் சொல்ல வேண்டியவள் அத்தை. இருக்கிற ஒரே அத்தை என் மனைவி வசந்தி. கணினி வழியாகச் சொல்வதாக ஏற்பாடு. பட்டுப்புடவை கட்டி, கணினிக்கும் ஒரு பொட்டு வைத்து எட்டு மணிக்கே உட்கார்ந்துவிட்டாள்.

கணினி பாஸ்வேர்டு கேட்டது. நாலு எழுத்துக்கு மேல் எனக்கு நினைவு வரவில்லை.

"எழுதின சீட்டு எங்கங்க?"

"ஆபீஸ்ல. சீல் வெச்சு. போன்ல சொல்லிடேன்," என்றேன்.

"முகத்தைப் பாக்காமலா? அந்தக் குழந்தைக்கு வேற அத்தை இல்லைங்க. ஒம்பதோட நல்ல நேரம் முடியுது."

அவள் திட்டியிருந்தால்கூடத் தேவலை. குரல் உடைந்ததுதான் எனக்குத் தாங்கவில்லை.

கடைசியில் அவளே வைஃபை பெட்டியைத் திருப்பி, ஒரு சின்ன ஓட்டைக்குப் பக்கத்தில் 'ரீசெட்' என்று இருந்ததைப் படித்து, புடவை ஊக்கைக் கழற்றிக் குத்தினாள். என் பாதுகாப்பு மொத்தமும் பத்து விநாடியில் போயிற்று. நெட் வந்தது.

நான் சும்மா இருந்திருக்கலாம். அதைப் பாஸ்வேர்டு இல்லாமல் திறந்து போடக் கூடாதே என்று அவசரமாகப் புதுப் பாஸ்வேர்டு போட்டு, அழைப்பு போய்க்கொண்டிருக்கும்போதே அவளை மனப்பாடம் செய்யச் சொன்னேன். "பெரிய கே, சின்ன ஆர், ஏழு, ஏழு, ஏழு, ஹாஷ், ஹாஷ், ஹாஷ்." (குறுக்கும் நெடுக்கும் கோடு போட்ட குறி இருக்கிறதே, அது.)

படம் வருமுன் என் குரல் அமெரிக்கா போய்ச் சேர்ந்துவிட்டது. அங்கே ஸ்பீக்கரைக் குழந்தையின் காதருகே பிடித்துக் காத்திருந்தார்கள்.

"அத்தான், நீங்களே பேர் வெச்சிட்டீங்களா?" என்றான் மைத்துனன்.

அப்புறம்தான் முகம் தெரிந்தது. வசந்தி மூன்று முறை "யாழினி" என்றாள். குழந்தை கொட்டாவி விட்டது. இவள் அழுதாள். நானும்தான்.

சான்றிதழ்களில் அவள் யாழினி. குடும்பத்தில் அத்தனை பேருக்கும் ஹாஷ். பாஸ்வேர்டை அடிக்கடி மாற்றச் சொல்கிறது வழிகாட்டுதல். நான் ஓய்வுபெற்று, டெல்லியிலேயே துவாரகாவுக்குக் குடிவந்த பிறகும் அதை மாற்றவில்லை. போன வருடம் முதன்முறையாக எங்கள் வீட்டுக்கு வந்த யாழினி, யாரையும் எதுவும் கேட்காமல், பெரிய கே, சின்ன ஆர் என்று முணுமுணுத்தபடி தன் போனில் தட்டினாள். நெட் வந்துவிட்டது.