புகையே விடாத வண்டி

ஒரு வண்டி செத்துவிட்டது என்று அதன் சொந்தக்காரர் தன் இஷ்டத்துக்குச் சொல்லிவிட முடியாது. அதைச் சொல்வதற்கென்றே ஓர் அலுவலகம் இருக்கிறது. அங்கே மூன்று சன்னல்கள், ஒரு மின்விசிறி, 'வரிசையில் நிற்கவும்' என்றொரு பலகை, அந்தப் பலகையை மறைத்துக்கொண்டு ஒரு வரிசை.

வரிசையில் ரொட்டிக்காரர் நின்றார். அவருடைய வேன் இரண்டு மாதத்துக்கு முன்பு கடை வாசலில் ஒரு இருமல் இருமி நின்றது. அதற்குப் பிறகு இருமவும் இல்லை. மெக்கானிக்கான அவருடைய மைத்துனன் முன்மூடியைத் திறந்து பார்த்தான். பிறகு மெதுவாக மூடிவிட்டு, "மச்சான், மனசைத் தேத்திக்குங்க" என்றான்.

புது வேன் வாங்கலாம். ஆனால் பழையது அழிக்கப்பட்டது என்ற சான்று இல்லாமல் புதியதைப் பதிவு செய்ய முடியாது. ஒன்றாம் தேதி முதல் தினமும் காலை ஆறு மணிக்கு மருத்துவமனைக்கு முந்நூறு ரொட்டி கொடுக்கும் ஒப்பந்தம் அவருக்குக் கிடைத்திருந்தது. அது கை நழுவினால் கடையை மூட வேண்டியதுதான். கடையிலிருந்து மருத்துவமனை சரியாக அறுநூறு தப்படி தூரம். கூடையில் எடுத்துப் போனாலே சூடு ஆறாமல் கொடுத்துவிடலாம். ஆனால் ஒப்பந்தத்தின் நான்காம் பத்தி, 'ரொட்டியானது பதிவு பெற்ற, மூடிய, நான்கு சக்கர வாகனத்தில் மட்டுமே வந்து சேர வேண்டும்' என்றது. அன்று தேதி இருபத்தாறு.

இரண்டாம் சன்னலில் மூக்குக் கண்ணாடி போட்ட எழுத்தர் இருந்தார்.

"வண்டியை ஓட்டிட்டு வந்தீங்களா?"

"ஓடாதுங்க சார், கடை வாசல்லயே நிக்குது. அதனாலதான் அழிக்கணும்னு வந்தேன்."

"ஓடுதா ஓடலையான்னு நாங்கதான் சொல்லணும். பாகம் ஏதாவது மாத்தியிருக்கீங்களா? ரசீது இருக்கா?"

ரொட்டிக்காரர் சட்டத்தை மதிக்கிறவர். அது ஒன்றுதான் அவர் செய்த தப்பு. மற்றவர்கள் தேய்ந்த டயரைத் தெருமுனையில் உருட்டிவிட்டுப் போவார்கள். இவரோ இருபத்திரண்டு வருஷமாக, வண்டியிலிருந்து எதைக் கழற்றினாலும் விதிப்படி வாகன அழிப்பு நிலையத்தில் ஒப்படைத்து, முத்திரை வைத்த ரசீது வாங்கி, ஒரு பிஸ்கட் டப்பாவில் போட்டு வைத்திருந்தார். "இந்த நட்டுக்கும் ரசீதா மச்சான்?" என்று மைத்துனன் கேலி செய்வான். இன்றைக்கு அந்த டப்பாவைப் பெருமையோடு சன்னலுக்குள் நீட்டினார்.

எழுத்தரின் முகம் மலர்ந்தது. கேட்ட காகிதத்தைக் கேட்டவுடன் ஒருவர் கொடுத்தது அவருடைய பணிக்காலத்திலேயே இதுதான் முதல் தடவை. ரசீதுகளை மேசையில் பரப்பி ஒவ்வொன்றாக டிக் அடித்தார்.

"விதிப்படி ஒரு வேனுக்கு நாற்பத்தொரு பாகம். உங்ககிட்ட ரசீதும் நாற்பத்தொண்ணு இருக்கு. கதவு, இருக்கை, எஞ்சின்… அடிச்சட்டம்கூடவா மாத்தினீங்க?"

"மரத்துல மோதிட்டேன் சார். ஒன்பது வருஷம் ஆச்சு."

"ஹாரனையும் மாத்தியிருக்கீங்க."

"அது யாரைப் பார்த்தாலும் கத்திச்சுங்க."

எழுத்தர் பேனாவை மூடினார். "அப்போ விஷயம் தெளிவா இருக்கு. உங்க வண்டி ஏற்கெனவே முழுசா அழிஞ்சு போச்சு. கடைசியா வந்தது வைப்பர். போன வருஷம் மார்ச் பதினாலு, சாயங்காலம் மூணரை மணி. அதோட கதை முடிஞ்சுது."

ரொட்டிக்காரர் அந்தத் தேதியை நினைத்துப் பார்த்தார். அன்றைக்குச் சாயங்காலம் அதே வண்டியில்தான் அவர் வீட்டுக்குப் போனார். இருந்தாலும் காரியத்தில் கண்ணாக, "அப்போ சான்று…?" என்று இழுத்தார்.

"இந்தாங்க." முத்திரை விழுந்தது.

சான்றை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு அவர் திரும்பினார்.

"நில்லுங்க. அழிஞ்சு போன வண்டியோட நம்பரை மாட்டிக்கிட்டு உங்க கடை வாசல்ல ஒண்ணு நிக்குதே, அது யாரு?"

"அது… அதேதான் சார்."

"அதேன்னா எப்படி? அது அழிஞ்சதுக்கு உங்க பையிலயே சான்று இருக்கு."

"அப்படின்னா இதையும் அழிச்சுடுங்க சார், புண்ணியமாப் போகும்."

"பதிவே ஆகாததை எப்படிய்யா அழிக்கிறது? பிறந்தாத்தானே சாக முடியும்?"

பிரச்சினை மேலதிகாரியிடம் போனது. அவர் விதிப் புத்தகத்தை முன்னிருந்து பின்னாகவும் பின்னிருந்து முன்னாகவும் புரட்டினார். பிறகு, 'மேற்படி வாகனம் இன்று முதல் புதிய வாகனமாகப் பிறந்ததாகக் கருதப்படும்' என்று எழுதிக் கையெழுத்திட்டார்.

"புது வண்டின்னா பதினஞ்சு வருஷம் ஆயுள். அது முடிஞ்ச மறுநாள் காலையில வாங்க. ஒரு நிமிஷம் காக்க வைக்காம அழிச்சுக் கொடுக்கிறோம்" என்றார் அன்போடு.

"நான் வேற புது வேன் வாங்கிப் பதிவு பண்ணிக்கலாமா சார்?"

"ஒரு கடைக்கு ஒரு வேன். உங்ககிட்டதான் புத்தம் புதுசா ஒண்ணு இருக்கே! பேராசைப்படாதீங்க."

மறுநாள் புகைப் பரிசோதகர் கடைக்கே வந்தார். வண்டியின் பின்குழாயில் கருவியைச் செருகிவிட்டு அரைமணி நேரம் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"புகை பூஜ்யம்! சத்தமும் பூஜ்யம்! இப்படி ஒரு எஞ்சினை நான் பார்த்ததே இல்லை."

"எஞ்சின் ஓடலைங்க" என்றாள் ரொட்டிக்காரரின் மனைவி.

"படிவத்துல அந்தக் கேள்வி கிடையாதும்மா" என்று சொல்லி, முன்கண்ணாடியில் பச்சை நட்சத்திரம் ஒன்றை ஒட்டிவிட்டுப் போனார்.

ஒன்றாம் தேதி விடிந்தது.

"என்னங்க, கூடையை எடுத்து என் தலையில வைங்க. நீங்க கைகால் கழுவுறதுக்குள்ள கொடுத்துட்டு வந்துடுறேன்."

"நான்காம் பத்தி" என்றார் ரொட்டிக்காரர்.

மனைவி ஸ்டியரிங்கைப் பிடித்தாள். அவரும் மைத்துனனும், பக்கத்துக் கடைத் தையல்காரரும் சேர்ந்து தள்ளினார்கள். அறுநூறு தப்படியைக் கடக்க ஒன்றேகால் மணி நேரம் ஆயிற்று. மருத்துவமனைக் கண்காணிப்பாளர் பதிவுப் புத்தகத்தைப் பார்த்தார், பச்சை நட்சத்திரத்தைப் பார்த்தார், நெகிழ்ந்து போனார். ரொட்டியை அவர் பார்க்கவில்லை. ஒப்பந்தத்தில் 'ஆறு மணிக்கு' என்பதை அடித்துவிட்டு, 'வந்து சேரும்போது' என்று எழுதினார்.

கடை பிழைத்தது. கதை அதோடு முடிந்திருந்தால் நல்லது. ஆனால் பச்சை நட்சத்திர வண்டியின் படத்தை அலுவலகம் வாசலில் மாட்டியது. பல் டாக்டர் ஒருவர் பார்த்தார். அடுத்த வாரமே தன் காரின் எஞ்சினைக் கழற்றச் சொல்லி மைத்துனனிடம் வந்தார். பின்னாலேயே வக்கீல் வந்தார், நகைக்கடைக்காரர் வந்தார். நன்றாக ஓடிக்கொண்டிருந்த எஞ்சின்களைக் கழற்றவே மைத்துனனுக்கு நேரம் போதவில்லை. வசதியானவர்கள் சீருடை போட்ட ஆட்களை வைத்துத் தள்ள வைத்தார்கள். வசதியில்லாதவர்கள் குடும்பத்தோடு தள்ளினார்கள்.

முதலில் தலையில் அடித்துக்கொண்ட ரொட்டிக்காரரும் மாறிப்போனார். இஸ்திரி போட்ட சட்டையில்தான் இப்போது வண்டி தள்ளுகிறார். யாராவது பார்த்தால் நட்சத்திரத்தை ஒரு துடைப்புத் துடைத்துக்கொள்வார்.

ஒரு நாள் காலையில் தெரு முழுக்க எல்லோரும் தள்ளிக்கொண்டிருந்தபோது, பின்னாலிருந்து ஆம்புலன்ஸ் ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு வந்தது. எஞ்சின் ஓடியது. புகையும் வந்தது.

தெருவே திரும்பிப் பார்த்தது.

"யோவ், இந்தக் காலத்துல எஞ்சினா? வெக்கமா இல்ல?" என்றார் பல் டாக்டர்.

"குழந்தைங்க நடமாடுற தெருய்யா!" என்றார் தையல்காரர்.

"அணைப்பா முதல்ல" என்றார் ரொட்டிக்காரர். அவர் குரல்தான் எல்லோர் குரலையும்விட ஓங்கி ஒலித்தது.

ஓட்டுநர் கூனிக்குறுகி எஞ்சினை அணைத்தார். கீழே இறங்கித் தள்ளத் தொடங்கினார். ரொட்டிக்காரருக்கு இரக்கம் வந்து, தன் வேனை மைத்துனனிடம் விட்டுவிட்டு அவருக்குக் கை கொடுக்கப் போனார். பின்கதவு வழியாகப் பார்த்தால், உள்ளே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு படுத்திருந்தவர் மூக்குக் கண்ணாடி எழுத்தர்.

"இன்னும்… எவ்வளவு தூரம்?"

"நானூறு தப்படிதான் சார். பதறாதீங்க. உங்களுக்கான ரொட்டியும் கூடவேதான் வருது."

எழுத்தர் கஷ்டப்பட்டுத் தலையைத் தூக்கினார். "புகை… வருதா?"

"துளிகூட இல்லை சார்."

"அப்போ சரி" என்று சொல்லி அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

வண்டி அங்குலம் அங்குலமாக நகர்ந்தது. எழுத்தர் வெகு நேரம் அசையவில்லை. ஓட்டுநர் உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு ரொட்டிக்காரரைப் பார்த்தார். ரொட்டிக்காரர் தையல்காரரைப் பார்த்தார். யாரும் வாயைத் திறக்கவில்லை. அதையெல்லாம் அவரவர் இஷ்டத்துக்குச் சொல்லிவிட முடியுமா? சொல்வதற்கென்று ஓர் அலுவலகம் இருக்கும். எல்லோரும் தோள் கொடுத்து, புகையில்லாமல் தள்ளினார்கள்.