மொன்ராக்கிலிருந்து நான்கு மணி இருபது நிமிடம்

மனித குலத்தின் மாபெரும் சாதனைகளைப் பட்டியலிடுவோர் நெருப்பு, சக்கரம், அச்சு இயந்திரம் என்று மூன்றைச் சொல்லிவிட்டு மூச்சு வாங்கிக்கொள்கிறார்கள். நான்காவதை மறந்துவிடுகிறார்கள். அதுதான் நடைபாதைகளில் நிற்கும் வழிகாட்டிப் பலகை. கடவுளை நம்பாதவர்கள் உண்டு. அரசாங்கத்தை நம்பாதவர்கள் அதைவிட அதிகம். ஆனால் முதுகில் பையும் இரண்டு கையிலும் ஊன்றுகோலுமாக நடுக்காட்டில் நிற்கும் மனிதன், பலகையை எதிர்த்து ஒரு வார்த்தை பேசியதாக வரலாறு இல்லை.

அத்தகைய பலகையில் நேரம் எழுதும் மகத்தான அதிகாரம், வியோர் ஆற்றுப் பள்ளத்தாக்கில், சேன்-வெர்லான் கிராமத்து ஃபிர்மேனிடம் இருந்தது. முப்பது வருடம் பள்ளிப் பேருந்து ஓட்டியவர். ஓய்வு பெற்றதும் மாவட்ட நடைபாதைக் குழு அவருக்கு ஒரு கைப்பட்டை, ஒரு டப்பா மஞ்சள் பெயின்ட், ஒரு பிரஷ், நாற்பத்தாறு பக்க விதிப்புத்தகம் ஆகியவற்றை அளித்து, 'அதிகாரபூர்வ வழிக்குறியாளர்' ஆக்கியது. ஃபிர்மேன் விதி பிசகாதவர். 'திருப்பத்துக்கு ஐந்து மீட்டருக்குள் குறியிடுக' என்றது விதி. திருப்பத்தில் மேயர் ஒதீலின் கார் நின்றிருந்தது. காரில் குறியிட்டார். அந்தக் கார் சந்தைக்குப் போனபோது பின்னாலேயே நான்கு பேர் நடந்து போனார்கள் என்று ஊரில் சொல்வார்கள். அது மிகை. இரண்டு பேர்தான்.

அவருடைய மனைவி சொலாஞ்ச், பழைய கல்பாலத்தின் முனையில் காப்பிக்கடையும் சாப்பாட்டுக்கடையுமாக ஒன்றை நடத்தி வந்தாள். நடத்தி வந்தாள் என்பதைவிட, திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள் என்பதே பொருந்தும். ஆற்றின் மேல்புறத்திலிருக்கும் மொன்ராக்கில் காரை நிறுத்திவிட்டு, பத்து மணிக்கு நடக்கத் தொடங்குபவர்கள் பதினொன்றரைக்குள் சேன்-வெர்லானுக்கு வந்துவிடுவார்கள். பதினொன்றரைக்கு எந்த மானமுள்ள பிரெஞ்சுக்காரரும் சாப்பிட உட்கார மாட்டார். பன்னிரண்டு அடிக்க வேண்டும். பாலத்தை ஒரு படம், தேவாலயத்தை ஒரு படம் எடுத்துக்கொண்டு அடுத்த ஊருக்குப் போய்விடுவார்கள்.

"வர்றான், குழாய்த் தண்ணி கேக்குறான், கழிவறை எங்கன்னு கேக்குறான், போயிடறான்," என்றாள் சொலாஞ்ச். 'அனைத்துப் புனிதர் திருநாளோடு கடை மூடப்படும்' என்று எழுதிய அட்டையைக் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டே சொன்னாள். "எல்லாம் அந்தப் பழைய மரப்பலகையால. ஒண்ணரை மணின்னு எழுதி வெச்சிருக்கு. புதுப் பலகை வருதாமே? ரெண்டரைன்னு எழுதித் தொலையேன்."

"சொலாஞ்ச்! நான் சத்தியம் பண்ணி வாங்கின பட்டை இது. அளக்காம ஒரு நிமிஷம் கூட்ட மாட்டேன். குறைக்கவும் மாட்டேன்."

"உன் சத்தியத்த வாணலியில வதக்கிப் போட்டா எத்தன தட்டு வரும்?"

ஃபிர்மேனுக்கு வலித்தது. அந்தக் கடைதான் அவள் உயிர் என்பது அவருக்குத் தெரியும். ஆனால் விதி பதினான்கும் தெரியும்: 'நேரத்தை மேசையில் உட்கார்ந்து கணக்கிடலாகாது. உள்ளூர்வாசி ஒருவர் தம் வழக்கமான நடையில் மூன்று முறை நடந்து சராசரி காண வேண்டும்.'

வழக்கமான நடை! அந்த இரண்டு சொற்களை எழுதிய மேதை எந்த ஊரோ, நிச்சயம் இந்தப் பள்ளத்தாக்குக்காரர் அல்ல. மொன்ராக்குக்கும் சேன்-வெர்லானுக்கும் இடையே ஆறு கிலோமீட்டர், ஒரு ஆறு, ஐந்து வாசல்கள் உண்டு. முதல் வாசல் ஆடு வளர்க்கும் இவெத். அவளுடைய பாலாடைக்கட்டியை ருசி பார்த்து, போன வாரத்தைவிட மேல் என்று சொல்லாமல் தாண்டினால் ஆடுகளே மன்னிக்காது. இரண்டாவது, ஆலைக்கார ஒக்தாவ். ஓடாத தண்ணீர்ச் சக்கரத்தை ஓட வைக்க ஒன்பது வருடமாக ஒரு யோசனை வைத்திருக்கிறார். அதைக் கேட்க ஒரு கிளாஸ் பாஸ்திஸ் என்ற சோம்புச் சாராயம் தேவைப்படும். மூன்றாவது, பழைய பாதிரியார் வீட்டை வாங்கிய டச்சுத் தம்பதி. எல்லோரையும்விட அதிகப் பிரெஞ்சுக்காரர்கள் என்பதால் அங்கே இரண்டு கிளாஸ். நான்காவதும் ஐந்தாவதும் ஒரே வீடு. இரண்டு சகோதரிகள், ஒரு அலமாரிக்காகப் பாகப்பிரிவினையில் சண்டையிட்டு இருபது வருடமாகப் பேசுவதில்லை. வீட்டுக்கு இரண்டு வாசல். ஒருத்தியிடம் அக்ரூட் ஒயின் குடித்தால் மற்றவளிடம் ப்ளம் சாராயம் குடித்தாக வேண்டும். இல்லாவிட்டால் அடுத்த இருபது வருடம் நம்மோடும் பேச்சு நின்றுவிடும்.

ஃபிர்மேன் மூன்று முறை நடந்தார். முதல் தடவை நான்கு மணி ஐந்து நிமிடம். இரண்டாவது நான்கு நாற்பது, ஏனென்றால் இவெத்தின் ஆடு குட்டி போட்டது. மூன்றாவது நான்கேகால். கூட்டி, மூன்றால் வகுத்து, இரண்டு முறை சரிபார்த்து, கையெழுத்திட்டு அனுப்பினார். பளபளக்கும் உலோகப் பலகை மொன்ராக்கில் நடப்பட்டது: 'சேன்-வெர்லான், 6 கி.மீ., 4 ம. 20 நி.'

அதன் பிறகு நடந்ததை அற்புதம் என்றுதான் சொல்ல வேண்டும். வாரக் கடைசியில் முதல் கோஷ்டி பாலத்தைத் தாண்டி வந்தது. தூலூஸ் வங்கி மேலாளர் ஒருவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். தட்டிப் பார்த்தார். காதில் வைத்துப் பார்த்தார்.

"ஒண்ணு இருபது!" என்று கத்தினார். "நாலு இருபதுன்னு போட்டிருக்கு, நான் ஒண்ணு இருபதுல வந்துட்டேன்! மதாம், நீங்களே சாட்சி!"

"நான் சாட்சி," என்றாள் சொலாஞ்ச். "உக்காருங்க."

"மூணு மணி நேரம் மிச்சம்!"

மிச்சம் பிடித்த மூன்று மணி நேரத்தை என்ன செய்வது? சேமிப்பு என்றாலே மனிதனுக்குக் கை அரிக்கும். பன்னிரண்டு அடிக்கும்வரை வெற்றியைக் கொண்டாடிக் குடித்தார்கள். அடித்ததும் உட்கார்ந்து, பாலாடைக்கட்டி போட்டு நூல் நூலாக இழுத்த உருளைக்கிழங்கு மசியலையும் சுருள் சாசேஜையும் தின்றார்கள். மருத்துவர் முழங்காலை மாற்றச் சொல்லியிருந்த பாரீஸ் அம்மாள், மருத்துவரையே மாற்றப் போவதாக மகனுக்குப் போன் செய்தாள். யாரும் இரண்டரைக்கு முன் எழுந்திருக்கவில்லை. அடுத்த வாரம் அவர்கள் நண்பர்கள் வந்தார்கள். பள்ளத்தாக்கின் காற்றில் ஏதோ இருக்கிறது, அது கால்களுக்கு வலு என்று பேச்சு பரவியது. சொலாஞ்ச் கண்ணாடியிலிருந்த அட்டையைக் கிழித்தாள். ஃபிர்மேனை நடுத்தெருவில் பிடித்து நிறுத்தி முத்தமிட்டாள்.

"ரெண்டரை போதும்னேன். நீ நாலு இருபது போட்டியே, என் ராஜா!"

"நான் போடல. கடிகாரம் போட்டுது."

இப்படி ஊரே இறக்கை கட்டிப் பறந்த நேரத்தில், லியோன் நகரத்து ஓய்வு பெற்ற பொறியாளர் வசெலேன் நடைபாதைக் குழுவுக்கு ஒரு கடிதம் எழுதினார். 'அத்தூரத்தை ஒரு மணி பதினெட்டு நிமிடத்தில் கடந்தேன். ஒன்று, பலகை பொய். அல்லது நான் கழுகு. என் மருத்துவர் இரண்டாவதை மறுக்கிறார்.'

குழு அதிர்ந்தது. கொராந்தேன் என்ற இளம் ஆய்வாளரை அனுப்பியது. பலகை தவறானால் அன்றே கழற்றப்படும். ஃபிர்மேனின் கைப்பட்டையும் அதோடு போகும். மேயர் ஒதீல் செய்தியைச் சொல்ல வந்தபோது சொலாஞ்ச் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு, கிழித்த அட்டையைக் குப்பையிலிருந்து எடுத்துப் பசை தடவினாள்.

"ஃபிர்மேன், அந்த ஆள் கூட மெதுவா நட. கால் சுளுக்கிச்சுன்னு சொல்லு. உன் கால்ல விழறேன்."

"வழக்கமா எப்படி நடப்பேனோ அப்படித்தான் நடப்பேன்," என்றார் ஃபிர்மேன்.

ஆய்வு நாளன்று காலை எட்டு மணிக்கு மொன்ராக்கிலிருந்து இருவரும் கிளம்பினார்கள். கொராந்தேன் மணிக்கட்டில் செயற்கைக்கோளோடு பேசும் கடிகாரம் இருந்தது. முதல் வாசலில் இவெத் தட்டோடு நின்றாள்.

"மன்னிக்கணும் மதாம், நான் பணியில இருக்கேன்."

"பணியில இருந்தா பசிக்காதா கண்ணு? நான் சாப்பிடவா சொன்னேன்? ருசி பாத்து உண்மையச் சொல்லு. ஆய்வாளர்னா உண்மை சொல்லணும்ல?"

கடமை என்று வந்த பிறகு கொராந்தேன் தயங்கவில்லை. மூன்று வகைக் கட்டிகளையும் ஆய்வு செய்தார். ஆலையில் ஒக்தாவின் யோசனையில் ஒரு சிறு பிழை இருப்பதைக் கண்டு, இரண்டாவது கிளாஸில் திருத்தி, சட்டையைக் கழற்றிவிட்டு ஆற்றில் இறங்கினார். ஒன்பது வருடமாக நின்ற சக்கரம் முக்கால் சுற்றுச் சுற்றியது. ஒக்தாவ் அழுதார். கொராந்தேனும் அழுதார். டச்சு வீட்டில் அவருடைய கடிகாரம் நடுக்கத்தோடு ஒலித்து, 'உங்கள் உடற்பயிற்சி முடிந்துவிட்டதாகத் தெரிகிறது, நிறுத்தவா?' என்று கேட்டது.

"நிறுத்தாதே!" என்று மணிக்கட்டைப் பார்த்து அதட்டினார். "இப்பத்தான் ஆரம்பிச்சிருக்கோம்!"

சகோதரிகளின் வாசல்களில் நடந்தது சரித்திரம். அக்கா வீட்டு அக்ரூட் ஒயினைக் குடித்தவர், தங்கை வீட்டு ப்ளம் சாராயத்துக்குப் பிறகு, "அந்த அலமாரி எங்க இருக்கு?" என்று கேட்டார். யாருக்கும் நினைவில்லை. மூவருமாகத் தேடினார்கள். பரணில் கிடந்த அது கரையான் அரித்து, தொட்டதும் உதிர்ந்தது. இருபது வருடத்துக்குப் பிறகு அக்கா தங்கையிடம் பேசிய முதல் வார்த்தை, "சனியன் ஒழிஞ்சுது." ஃபிர்மேன் ஒரு மூலையில் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். விதியில் இதற்கெல்லாம் இடம் இருக்கிறதா என்று அவருக்கு உறுதியாகத் தெரியவில்லை.

பாலத்தில் சொலாஞ்ச் காத்திருந்தாள். மணி ஒன்று பத்து. ஈர முழுக்கால் சட்டையும், அக்குளில் ஒரு வட்டப் பாலாடைக்கட்டியுமாக ஆய்வாளர் பாட்டுப் பாடிக்கொண்டு வந்தார். கடை நிறைய ஆட்கள். நடு மேசையில், நீதியைக் கண்ணாரக் காண லியோனிலிருந்து மீண்டும் கிளம்பி, மொன்ராக்கிலிருந்து நடந்தே வந்திருந்த வசெலேன் எழுந்து நின்றார்.

"முசியே ஆய்வாளர், இன்னிக்கு ஒரு மணி பதினாறு நிமிஷம். கடிகாரத்த நீங்களே பாருங்க."

கொராந்தேன் படிவத்தை எடுத்தார்.

"இவெத்தோட புதுக் கட்டி எப்படி இருந்துது?"

"எந்த இவெத்?"

"தண்ணிச் சக்கரம்?"

"பாதையில சக்கரம் எதுவும் இல்லையே."

"ஆத்துத் தண்ணி சில்லுனு இருந்துதா, வெதுவெதுன்னு இருந்துதா?"

வசெலேன் யோசித்தார். சுற்றியிருந்தவர்களைப் பார்த்தார். அவர்கள் தங்கள் தட்டுகளைப் பார்த்தார்கள். "ஆறு இருந்துதா?" என்று கேட்டார் ஒருவர், மெல்ல.

கொராந்தேன் உட்கார்ந்து எழுதினார். எழுதி முடிக்கும்வரை சொலாஞ்ச் அடுப்பை அணைத்துவிட்டு, பசை தடவிய அட்டையைக் கையில் பிடித்தபடியே நின்றாள். அவர் முத்திரை குத்தி, ஃபிர்மேனின் கைப்பட்டையை நேராக்கிவிட்டு, தாளை அவளிடம் நீட்டினார். அவள் வாசித்தாள். அட்டையை அடுப்புக்குள் போட்டு மறுபடி பற்றவைத்தாள்.

அந்தத் தீர்ப்பின் நகல் இன்றும் கடைச் சுவரில் தொங்குகிறது. தூலூஸ், பாரீஸ், லியோன்வாசிகள் அதன் கீழே உட்கார்ந்துதான் மிச்சம் பிடித்த நேரத்தைச் சாப்பிடுகிறார்கள். யாரும் நிமிர்ந்து வாசிப்பதில்லை. அதில் இருப்பது இவ்வளவுதான்:

'பலகையில் ஐம்பது நிமிடப் பிழை உள்ளது. உடனடியாக ஐந்து மணி பத்து நிமிடம் என்று திருத்தப்பட வேண்டும். புகார்தாரரைப் பொறுத்தவரை, அவர் மொன்ராக்கிலிருந்து கிளம்பியது விசாரணையில் உறுதியாகிறது. சேன்-வெர்லானுக்கு வந்து சேர்ந்ததற்கு ஆதாரம் இல்லை. வந்து சேர்ந்தபின் அவர் புகார் பரிசீலிக்கப்படும்.'