பிடித்திருக்கிறதா, பிடிக்கவில்லையா?

தாராபுரம்.

அன்புத் தங்கை வரலட்சுமிக்கு, அண்ணன் அங்கப்பன் எழுதுவது. மேட்டுப்பாளையத்தில் நீயும் மச்சானும் பிள்ளைகளும் நலமாக இருக்க மாசாணியம்மன் துணை. இங்கே உடம்பு எல்லோருக்கும் சுகம், மனசுதான் யாருக்கும் சரியில்லை. போனில் பேசினால் மகள் காதில் விழும் என்று கடுதாசி எழுதுகிறேன்.

நீ இங்கிலீஷ் டீச்சர், ஒரே ஒரு வார்த்தைக்கு அர்த்தம் சொல்ல வேண்டும். ஞாயிற்றுக்கிழமை நம் சண்முகப்பிரியாவைப் பெண் பார்க்கக் கோயமுத்தூரிலிருந்து சபரீஷ் என்கிற பையன் அப்பா அம்மாவோடு வந்தான். லட்சணமான பையன், ஆனால் வாயைத் திறந்தால் எக்ஸாக்ட்லி. வெயில் கொளுத்துதுங்க என்றாலும் எக்ஸாக்ட்லி, அமராவதியில் தண்ணி இல்லீங்க என்றாலும் எக்ஸாக்ட்லி. சபை அடக்கத்துக்காக, “பிரியாவுக்குச் சமையல் அவ்வளவா வராதுங்க” என்றேன். அதற்கும் எக்ஸாக்ட்லி என்றுபோட்டு உப்புமாவை ஓரமாக ஒதுக்கினான். உப்புமா செய்தது உன் அண்ணி. அவள் முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும்.

கிளம்பும்போது பொறுக்க மாட்டாமல், “ஏனுங்க தம்பி, பொண்ணைப் புடிக்கலீங்களா?” என்று கேட்டேன். “நாட் எக்ஸாக்ட்லிங்க மாமா” என்று சொல்லிக் காரில் ஏறிவிட்டான். டிக்‌ஷனரியைப் புரட்டினேன். எக்ஸாக்ட்லி என்றால் சரியாக என்று போட்டிருக்கிறது. நாட் என்றால் இல்லை. அப்போ சரியில்லைன்னுதானே அம்மணி ஆகும்? ரோசத்தில் அவன் அப்பாவுக்குப் போன் போட்டு, “எங்களுக்கும் வேண்டாமுங்க” என்று சொல்லிப்போட்டேன். அவரோ, “ஏனுங்க, பையன் வந்ததுலயிருந்து தானாச் சிரிச்சுட்டுத் திரியறானுங்களே” என்கிறார். எனக்குத் தலை சுத்திப்போச்சு. பக்கத்து வீட்டு வக்கீல் மதன்குமாரைக் கேட்டால், பிடிக்காமல் இல்லை என்று அர்த்தமாம். அப்போ புடிச்சிருக்குங்களா என்றால், அது தனிக் கேஸுங்க என்கிறார். பிரியா அன்றிலிருந்து என்னோடு பேசுவதில்லை. முறிச்சதை ஒட்ட வைக்கலாமா, இல்லை ஆனைமலைப் பக்கம் வேறு வரன் பார்க்கட்டுமா, உடனே எழுது கண்ணு.

மச்சானுக்கு என் வணக்கம், பிள்ளைகளுக்கு ஆசிகள்.

இப்படிக்கு,
குழம்பிப்போன அண்ணன்,
அங்கப்பன்

பி.கு.: கவரை ஒட்டப் போகையில் பிரியா பிடுங்கிப் படித்துப்போட்டாள். “வக்கீல் வரைக்கும் கேட்டீங்களேப்பா, எனக்குப் புடிச்சிருக்கான்னு கேட்டீங்களா?” என்றாள். கேட்டேன். “புடிச்சிருக்குதுங்கப்பா” என்று தமிழிலேயே சொன்னாள். நீ அர்த்தம் ஒன்றும் எழுத வேண்டாம். சபரீஷ் அப்பா முன்னால் தனியாகப் போய் நிற்க எனக்குப் பயமாக இருக்கிறது, மச்சானைக் கோயமுத்தூருக்கு பஸ் ஏற்றிவிடு.