வருடப் பாஸும் முதல் துண்டும்

அரிமளம் கடைவீதியில் தண்ணீர் மோட்டாரும் குழாயும் விற்கும் ஆத்மநாதன், மாசி மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், இட்லியை விண்டு சட்னியில் தோய்த்துக்கொண்டே ஒரு பிரகடனம் செய்தார்.

"இந்த வருசம் நாம சந்தோசமா இருக்கப் போறோம்."

வீட்டில் யாரும் அசையவில்லை. போன வருடம் ஆரோக்கியமாக இருக்கப் போகிறோம் என்று அறிவித்து, நின்ற இடத்திலேயே நடக்கும் இயந்திரம் ஒன்றை வாங்கிப் போட்டார். இப்போது அதன் மேல் பள்ளிக்கூடச் சீருடைகள் காய்கின்றன.

ஆனால் இந்த முறை அவர் கையில் ஆதாரம் இருந்தது. செய்தித்தாளுக்குள்ளிருந்து விழுந்த வழவழப்பான தாள். அதில் ஒரு குடும்பமே வாயைப் பிளந்தபடி நீரில் சறுக்கிக்கொண்டிருந்தது. 'குதூகலம் கேளிக்கைப் பூங்கா. குடும்பத்துக்கான வருடப் பாஸ். எத்தனை தடவை வேண்டுமானாலும் வரலாம்.'

அந்தக் கடைசி வரியில்தான் ஆத்மநாதன் விழுந்தார். பந்தியில் வயிறு நிறைந்த பிறகும், வாளி வருகிறதே என்பதற்காக இன்னொரு கரண்டி பாயசம் வாங்கிக்கொள்ளும் மனிதர் அவர்.

"பிரகதி, இதப் பாரு."

அவர் மனைவி பிரகதீஸ்வரி இட்லித் தட்டை இறக்கி வைத்துவிட்டு எட்டிப் பார்த்தாள்.

"எங்கிட்டு இருக்காம்?"

"திருச்சி ரோட்டு மேல. கொடும்பாளூருக்குப் பக்கத்துல."

அவள் முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டாள்.

"வேணாம்ங்க."

ஆத்மநாதனுக்கு முதுகு நிமிர்ந்தது. மனைவி பேச்சைக் கேட்டு நடக்காத ஆண்பிள்ளை என்று டீக்கடையில் அவருக்கு ஒரு பெயர் உண்டு. சின்ன ஃபிரிட்ஜ் போதும் என்றாள். இரண்டு கதவு ஃபிரிட்ஜ் வாங்கினார். இந்த வயதில் எனக்கு எதற்குச் சங்கிலி, வேண்டாம் என்றாள். வாங்கிக் கழுத்தில் போட்டுவிட்டுத்தான் ஓய்ந்தார். வீட்டில் எது நடந்தாலும் அவர் முடிவுதான். அதில் அவருக்கு ரொம்பப் பெருமை.

"ஏன் வேணாங்கிற?"

"அம்புட்டுத் தூரம் யாரு போறது? ஒரு தடவை போவோம். அப்புறம் பாஸு பீரோவுல கெடக்கும்."

"ஒரு தடவை போனாத்தான் நட்டம். மூணு தடவை போனா முதலு வந்துரும். அதுக்கு மேல போறதெல்லாம் ஓசி!"

"மூணு தடவையா? ஒங்களால முடியாதுங்க."

"என்னாலயா முடியாது? மாசா மாசம் போவேன்டி!"

"இப்பச் சொல்லுவீங்க."

"சத்தியமா!" என்று பக்கத்தில் உட்கார்ந்திருந்த மகள் தலையில் கையை வைத்தார்.

மகள் அழகி கல்லூரியில் முதல் வருடம். தலையில் கை இருக்கும்போதே கேட்டுவிடலாம் என்று நினைத்தாள். "அப்பா, அப்படியே எனக்கு ஒரு ஸ்கூட்டி வேணும்ப்பா."

"வேணும்னு கேட்டா ஒடனே வந்துருமா? பஸ்ஸு ஓடுதுல்ல?"

இளையவன் சேரன் அதற்குள் கட்டில் மேலிருந்து தலைகீழாகச் சறுக்கப் பழக ஆரம்பித்துவிட்டான். அன்று மதியமே ஆத்மநாதன் பாஸுக்குப் பணம் கட்டினார். கட்டிய பணம் எக்காரணம் கொண்டும் திரும்பாது என்று கீழே போட்டிருந்ததை மனைவிக்கு வெற்றியோடு படித்துக் காட்டினார்.

"ஒண்ணு மட்டும் சொல்றேன். கொடும்பாளூர்னதும் ஒன் தம்பி வீடு, ஒன் ஆத்தா வீடுன்னு ஆரம்பிக்கக் கூடாது. அது வேற, இது வேற."

"நான் எங்கங்க ஆரம்பிச்சேன்?" என்றாள் பிரகதி.

அது வேறுதான். ஆனால் அந்த 'அது'வை இங்கே சொல்லத்தான் வேண்டும்.

இரண்டு வருடத்துக்கு முன்பு, கொடும்பாளூரில் இருக்கும் பிரகதியின் தம்பி உடையப்பன் தன் மகனுக்குக் காது குத்தினான். அந்த வீட்டு வழக்கப்படி விசேஷத்தில் முதல் துண்டு மூத்த மாப்பிள்ளைக்கு. ஆத்மநாதன் அதற்காகவே தோளைக் காலியாக வைத்துக்கொண்டு முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். அன்று காலையில்தான் கத்தாரிலிருந்து இளைய மாப்பிள்ளை ரகுநாத் வந்து இறங்கியிருந்தான். கூட்டத்தில் உடையப்பன் கண்ணில் அவன்தான் முதலில் பட்டான். முதல் துண்டு அவன் தோளில் விழுந்தது. இரண்டாவது துண்டு வருவதற்குள் ஆத்மநாதன் எழுந்துவிட்டார்.

"தட்டுல வெத்தலை பாக்கு வச்சு, எம் பேரச் சொல்லிக் கூப்பிடுற வரைக்கும் இந்த வாசப்படிய மிதிக்க மாட்டேன்!"

உள்ளே கறிக்குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. அந்த வாசனை வாசல் வரை அவரை வழியனுப்ப வந்தது. இன்றைக்கும் அவர் மறக்காமல் இருப்பது துண்டையா, குழம்பையா என்று அவருக்கே தெரியாது.

உடையப்பனும் ரோஷக்காரன். கூட்டத்தில் தவறியதற்குத் தட்டைத் தூக்கிக்கொண்டு போவதா என்று இருந்துவிட்டான். இரண்டு ஆண்களின் ரோஷத்துக்கு நடுவே பிரகதிக்குப் பிறந்த வீடு கைப்பேசிக்குள் போய்ச் சுருங்கிக்கொண்டது. அவள் அம்மா மூக்காயிக்குப் போனைப் பிடிக்கத் தெரியாது. கூப்பிட்டால் பாதி நெற்றியும் மேலே சுற்றும் மின்விசிறியும்தான் தெரியும். பிரகதி அந்த நெற்றியோடுதான் இரண்டு வருடமாகப் பேசிக்கொண்டிருந்தாள். நீ போகக் கூடாது என்று ஆத்மநாதன் ஒருநாளும் சொன்னதில்லை. அவள் போகட்டுமா என்று கேட்டால் சாப்பாட்டுத் தட்டை நகர்த்தி வைப்பார். அவ்வளவுதான்.

பங்குனி பிறந்தது. ஆம்னி வேன் கிளம்பியது. இலுப்பூர் தாண்டும்போதே சேரன் ஜன்னல் வழியே பாதி வெளியே வந்துவிட்டான். தூரத்தில் ராட்சதச் சக்கரம் வானத்தில் தெரிந்ததும் ஆத்மநாதனே ஹாரனை அழுத்தி ஆரவாரம் செய்தார். வாசலில் நால்வரையும் நிற்க வைத்துப் படம் எடுத்து, பாஸில் ஒட்டிக் கொடுத்தார்கள். தன் படத்தைப் பார்த்து அவர் பூரித்துப்போனார். ஆதாரில் திருடன் மாதிரி இருந்த முகம் இதில் நிலச்சுவான்தார் மாதிரி இருந்தது.

காவலாளி பையைத் திறந்தார்.

"என்னங்க இது?"

"புளியோதரை."

"வெளிச் சாப்பாடு உள்ள விடுறதில்லைங்க. வேணும்னா சாப்பிட்டுட்டுத் திரும்ப வாங்க. கையில முத்திரை வச்சு விடுறோம்."

உள்ளே தோசை விற்கும் விலையைப் பலகையில் பார்த்த ஆத்மநாதனுக்கு, எந்த ராட்டினத்திலும் ஏறாமலே தலை சுற்றியது.

"பக்கத்துல தெரிஞ்சவுக வீடு ஏதாச்சும் இருந்தா, மதியம் பிள்ளைகளாச்சும் ஒக்காந்து சாப்பிடலாம்" என்றாள் பிரகதி, ராட்சதச் சக்கரத்தைப் பார்த்தபடி.

"இருக்கே! மாமா வீடு!" என்றான் சேரன்.

"சும்மா இருடா. அங்கெல்லாம் வேணாம். அப்பாவுக்குப் பிடிக்காது. நாலு தோசை இங்கயே வாங்கிக்கலாம்."

"நாலு தோசையா?" ஆத்மநாதன் பதறினார். "பிள்ளைக போகட்டும். நீயும் போ. சோத்துக்காகத்தான் போறீக, ஒறவுக்காக இல்ல. அது வேற."

மதியம் அவர்கள் புளியோதரையையும் எடுத்துக்கொண்டு போனார்கள். ரோஷத்தைக் காத்தபடி ஆத்மநாதன் ஒரு மரத்தடியில் ஈரத் துணிப் பைக்குக் காவல் இருந்து, ஒரே ஒரு சமோசா தின்றார். திரும்பி வந்த சேரன் கையை முகர்ந்து பார்த்தார். கறிக்குழம்பு.

அடுத்த தடவையும் அதே கதை. இம்முறை சேரன் கையில் வந்தது விரால் மீன்.

சித்திரை விடுமுறையில் மூன்றாவது பயணம். போட்ட முதல் திரும்பும் நாள். ஆத்மநாதன் மடிப்புக் கலையாத வேட்டி சட்டையில் வந்திருந்தார். பிள்ளைகள் அலைக்குளத்தில் கத்திக் குதித்தார்கள். எங்கே பார்த்தாலும் ஈரம், கூச்சல், சிரிப்பு. அவர் மட்டும் வழக்கம்போல மரத்தடியில்.

பிரகதி பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "எங்க மூணு பேரு பாஸுக்கும் முதலு வந்துருச்சுங்க. ஒங்க பாஸுதான் பாவம், அப்படியே கெடக்கு."

ஆத்மநாதனுக்குச் சுருக்கென்றது. பைக்குக் காவல் இருக்கவா பாஸ் எடுத்தோம்?

"அதுக்காக ஏறித் தொலைச்சுறாதீங்க" என்று மேலே கைகாட்டினாள். மூன்று மாடி உயரத்திலிருந்து வளைந்து வளைந்து இறங்கியது ஒரு பச்சைக் குழாய். பெயர் மலைப்பாம்பு. "ஒங்களுக்கு அதெல்லாம் ஆகாது. வேணாம்."

அடுத்த நிமிடம் ஆத்மநாதன் சட்டையைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

வேட்டியோடு விடமாட்டோம் என்றார்கள். வாடகைக்கு ஒரு நைலான் கால்சட்டை கொடுத்தார்கள். கிளிப்பச்சையில் மஞ்சள் வாத்துகள். வேட்டி சட்டையை மனைவி மடியில் பத்திரமாக வைத்துவிட்டு அவர் மேலே ஏறினார். குழாய் விற்கும் ஆத்மநாதன் முதன்முதலாக ஒரு குழாய்க்குள் போனார். உள்ளே இருட்டு. உலகம் வலது பக்கம் போனது, இடது பக்கம் போனது, பிறகு எந்தப் பக்கமும் இல்லாமல் போனது. தொப்பென்று நீரில் விழுந்து எழுந்தபோது வாய் தானாகக் கத்தியது.

"இன்னொருக்கா!"

நான்கு முறை போனார். ஊரில் யாரும் பார்த்திராத ஒரு சிரிப்பு அவர் முகத்தில் இருந்தது. மூச்சு வாங்கக் கரையேறியபோது பிரகதி குளத்தோரம் நின்றுகொண்டிருந்தாள். கையில் சொட்டச் சொட்ட வேட்டியும் சட்டையும்.

"சேரனைக் கூப்பிடக் கிட்டக்கப் போனேங்க. அலை வந்துருச்சு."

"ஐயையோ! மாத்துத் துணி?"

"நீங்கதான் தண்ணியில எறங்க மாட்டேன்னீங்களே. எடுத்தாரலைங்க."

"இந்த வாத்தோட எப்படிடி அரிமளம் போறது?"

"தம்பிக்குப் போன் பண்ணிட்டேன். காஞ்ச துணி கேட்டுக்குக் கொண்டாருவான். வாங்கிக் கட்டிக்கிட்டு நேரா ஊருக்குப் போயிருவோம். வீட்டுக்கெல்லாம் நீங்க வர வேணாம்."

வாசலுக்குப் போனார்கள். எந்தப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளோ, ஒரு பேருந்து நிறைய வந்து வரிசையில் நின்றிருந்தார்கள். அத்தனை கண்களும் வாத்துகள் மேல். அப்போது உடையப்பன் பைக்கிலிருந்து இறங்கினான். கையில் பையில்லை. தட்டு இருந்தது. தட்டில் புது வேட்டி, சட்டை, வெள்ளைத் துண்டு, வெற்றிலை, பாக்கு, இரண்டு வாழைப்பழம்.

அவன் தொண்டையைக் கனைத்தான். "ஆத்மநாதன் அத்தான். வீட்டுக்கு வாங்க."

பெயரைச் சொல்லி. தட்டோடு. அவன் துண்டை எடுத்து அவருடைய ஈரத் தோளில் போட்டான். முதல் துண்டு! இளைய மாப்பிள்ளை அந்த நேரத்தில் கத்தாரில் இருந்தான் என்பது உண்மைதான். இருந்தாலும் முதல் என்றால் முதல்தான். விஷயம் புரியாத பள்ளிப் பிள்ளைகள் கைதட்டினார்கள். நைலான் கால்சட்டையில் ஆத்மநாதன் கைகூப்பினார்.

"மாப்ளை, இவ்வளவு தூரம் நீ எறங்கி வந்தப்புறம் நான் வரலைன்னா நல்லாருக்காது."

"நமக்கு வேணாம்ங்க…" என்றாள் பிரகதி.

"நீ சும்மா இரு. இது ஆம்பளைக விவகாரம்."

கொடும்பாளூர் வீட்டு வாசலில் வேன் நிற்கும் முன்பே பிரகதி இறங்கிவிட்டாள். மூக்காயி கதவைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். பிரகதி அவள் முகத்தை, நெற்றியிலிருந்து மோவாய் வரை, ஒரு கையால் மெல்லத் தடவினாள். ஆத்மநாதன் அந்தப் பக்கம் பார்த்தார். ஏனோ உடனே திரும்பிக்கொண்டார்.

நடுவீட்டில் இலை போட்டிருந்தது. கறிக்குழம்பு. இரண்டு வருடப் பசி. அவர் பேசாமல் மூன்று முறை சோறு வாங்கினார். மோருக்கு வரும்போதுதான் மூளை வேலை செய்தது. கட்டியிருந்த வேட்டி மயில்கண் கரை, அவருக்குப் பிடித்தது. சட்டை அளவு கச்சிதம். உடையப்பனோ ஒல்லி.

"ஏன் மாப்ளை, பிரகதி போன் பண்ணின கால் மணி நேரத்துல நீ வந்துட்ட. அதுக்குள்ள எனக்குன்னு புதுத் துணி எப்படி?"

உடையப்பன் மின்விசிறியைப் பார்த்தான். மாப்பிள்ளைக்கு எதிரே வந்து பேசும் பழக்கமில்லாத மூக்காயி, கதவுக்குப் பின்னாலிருந்து வெள்ளந்தியாகச் சொன்னாள்.

"அது தைப் பொங்கலுக்கே எடுத்து வச்சதுங்க மாப்ளை. இங்கிட்டுப் பார்க்கு தொறக்குறாகன்னதும் பிரகதி சொல்லுச்சு. சித்திரைக்குள்ள மாப்ளை நனைஞ்சுக்கிட்டு வருவாக, தயாரா இருங்கன்னு."

தை. அவர் பாஸ் எடுத்தது மாசி.

ஆத்மநாதன் மோரை இலையில் அப்படியே விட்டார். ரகசியம் கேட்பதுபோல் மச்சினன் பக்கம் சாய்ந்தார். "நீ எப்படிப்பா தட்டத் தூக்குன? ஒனக்கும் ரோசம் உண்டுல்ல?"

உடையப்பன் குரலைத் தாழ்த்தினான். "எங்கிட்டயும் அக்கா வேணாம்னுதான் அத்தான் சொல்லுச்சு. நீ போயிக் கூப்பிடாதடா, அம்புட்டுப் பெரிய மனசு ஒனக்கு ஏதுன்னுச்சு."

இரண்டு ஆண்களும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். இப்படி ஒரு நெருக்கம் அவர்களுக்குள் இதற்கு முன் இருந்ததில்லை.

திரும்பும் வழியில் ஆத்மநாதன் கல்லாகி உட்கார்ந்து வேனை ஓட்டினார். ஃபிரிட்ஜ், சங்கிலி, மலைப்பாம்பு எல்லாம் ஒவ்வொன்றாக எதிரே வந்து போயின. அன்னவாசல் தாண்டியதும் ஒரு முடிவுக்கு வந்தார்.

"இனிமே மாசா மாசமெல்லாம் வர முடியாது."

"சரிங்க. வேணாம்" என்றாள் பிரகதி. மடியில் அம்மா கொடுத்த முருங்கைக்காய் கட்டு. "இனி போறதெல்லாம் ஓசிதான். வீணாப் போனாப் போகுது."

ஆத்மநாதன் வேனின் வேகத்தைக் குறைத்தார்.

"அதெப்படி வீணாப் போகும்?" என்றார் ஆத்மநாதன். "அடுத்த ஞாயித்துக்கிழமை வெள்ளனக் கெளம்பணும், சொல்லிட்டேன்!"

பின்சீட்டில் இதையெல்லாம் உன்னிப்பாகக் கேட்டுக்கொண்டிருந்த அழகி, ஒரு பெருமூச்சு விட்டு, ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி மெதுவாகச் சொன்னாள்.

"அப்பா, எனக்கு ஸ்கூட்டியெல்லாம் வேணாம்ப்பா."