அருவிக்கரையில் ஒரு பச்சைப் பொய்

மறுநாள் காலைக்குள் ஒரு சின்னக் கேள்விக்கு விடை தெரிந்தாக வேண்டும். தெரியாவிட்டால் குற்றாலீஸ்வரனின் மானம், மரியாதை, அவன் ராப்பகலாக உட்கார்ந்து கட்டிய வலைத்தளம் மூன்றும் சேர்ந்து அருவியோடு போய்விடும். கேள்வி இதுதான்: லேப்டாப் திரையில் அருகருகே இருக்கும் இரண்டு வட்டங்களில் எது பச்சை, எது சிவப்பு?

சிரிக்காதீர்கள். உலகத்தில் சில பேருக்குப் பச்சையும் சிவப்பும் ஒன்றுபோலத்தான் தெரியும். அது குற்றமில்லை, கேவலமுமில்லை. ஆனால் அதை மறைத்துக் கல்யாணம் செய்துகொண்டு, ஐந்து வருஷமாக ஒரு வீட்டில் கம்பீரமாக உலவுகிற ஆண்பிள்ளையை என்ன சொல்வது? ஈஸ்வரன் அந்த ரகம். வண்ணம் தெரியாத விஷயம் வெளியே தெரியா வண்ணம் வாழ்ந்தவன்.

போலீஸ் வேலைக்குப் போனபோது கண் பரிசோதனையில் அவனைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். பெண் பார்க்கப் போன இடத்திலோ மாமனார் வல்லிநாயகம் ரிட்டயர்டு சப்-இன்ஸ்பெக்டர், மச்சினன்மார் இரண்டு பேரும் கான்ஸ்டபிள்கள். "போலீஸ்ல ஏன் சேரல?" என்று கேட்டதும் நாக்கு தானாகப் புரண்டது. "மார்பளவு அரை இஞ்ச் குறைஞ்சு போச்சு மாமா." அன்றிலிருந்து மாமனார் சிவகிரியிலிருந்து வரும்போதெல்லாம் ஈஸ்வரன் மூச்சை அடக்கி நெஞ்சைக் குறுக்கிக்கொண்டே நடமாடுவான். மாமனார் பஸ் ஏறிய பிறகுதான் அவனுக்கு முழு மூச்சு வரும்.

பாவூர்சத்திரம் சந்தையில் தக்காளியைப் பார்த்து வாங்க மாட்டான், அமுக்கி வாங்குவான். "காய்கறிய கண்ணால வாங்கப்புடாது, கையால வாங்கணும்" என்று அதற்கொரு தத்துவம். சிக்னலில் மேலே எரிந்தால் நிற்பான், கீழே எரிந்தால் போவான். கணினியில் நிறங்களுக்கெல்லாம் எண் உண்டு. எண்ணை வைத்தே இத்தனை வருஷம் வலைத்தளம் வடிவமைத்துப் பிழைத்தான்.

இப்போது மாட்டிக்கொண்டான். குற்றாலத்தில் லாட்ஜ் வைத்திருக்கும் முகம்மது மீரான், சீசனுக்கு வருகிறவர்கள் எந்த அருவியில் குளிக்கலாம் என்று போனிலேயே பார்க்க ஒரு தளம் கேட்டார். "எழுத்தே வேண்டாம் தம்பி. சிக்னல் மாதிரி இருக்கணும். குளிக்கலாம்னா வாழையிலைப் பச்சை. தடைன்னா ரம்புட்டான் பழச் சிவப்பு." மறுத்தால் ஏன் என்று கேட்பார். ஈஸ்வரன் தலையாட்டினான். வட்டங்களை ஃபிளெக்ஸ் அடிக்கும் ஸ்டான்லி வரைந்து அனுப்பினான். எண்ணெய் தேய்த்துக் குளிக்கப் போகும் ஆள் மாதிரி அவை மின்னின. ஒவ்வொரு மினுக்கலுக்கும் ஒரு எண். பதறிய மண்டையில் ஒன்றும் ஏறவில்லை. கோப்புகளின் பெயரைப் பார்த்தான். ஒன்று 'ஃபைனல்'. இன்னொன்று 'ஃபைனல் நியூ'. ஸ்டான்லியிடமே கேட்கலாம். ஆனால் அவன் மச்சினனின் சிநேகிதன். கேட்ட கேள்வி, அவன் பதில் சொல்லுமுன் சிவகிரிக்குப் போய்ச் சேர்ந்திருக்கும்.

ஈஸ்வரனுக்கு இரண்டு வட்டமும் சுக்குக் காப்பி நிறத்தில் தெரிந்தன.

இந்தச் சமயத்தில்தான் அவன் பெண்டாட்டி வேல்விழி, சனிக்கிழமை வகுப்பு முடிந்து பள்ளிக்கூடத்திலிருந்து வந்தாள். அவள் பாவூர்சத்திரத்தில் கம்ப்யூட்டர் டீச்சர். சாரலில் நனைந்த குடையை மூலையில் விரித்து வைத்துவிட்டு, திரையை எட்டிப் பார்த்தாள்.

"என்னங்க இது, வெறும் வட்டமா நிக்கி? எழுத்து எங்க?"

"எழுத்து கிடையாது. நிறமே பேசும்."

"யாருட்ட பேசும்? எங்க ஜெபமலர் டீச்சருக்குக் கண்ணு தெரியாது. போனு வாசிச்சுக் காட்டுததக் கேட்டுத்தான் எல்லா வேலையும் பாக்காவ. நாளைக்கு ஞாயித்துக்கெழம, குளிக்கப் போகணும்னு இருக்காவ. இங்கன பாருங்க."

தன் போனில் வாசிக்கும் குரலை முடுக்கி, தளத்தின் மேல் விரலை இழுத்தாள். போன் ஒரு சாவுச் செய்தி சொல்கிற தொனியில் வாசித்தது: "படம். படம். படம். படம். படம்."

"கேட்டீங்களா? அஞ்சு அருவியும் படமாப் போச்சு. ஜெபமலர் டீச்சர் எந்தப் படத்துல போய்த் தலைய நீட்டுவாவ?"

"அவியளுக்குக் கூட வர்றவங்க சொல்லுவாங்க."

"ஏன் சொல்லணும்? அவிய போனு, அவிய காது, அவிய குளியல். படத்துக்குப் பின்னால நாலு வார்த்தை எழுதிப்போட உங்களுக்கு என்ன கை வலியா? அதவிடுங்க. சில பேருக்குப் பச்சையும் சிவப்பும்..."

ஈஸ்வரன் அவளை முடிக்கவிடவில்லை. திருடன் தான் முந்திக்கொண்டு "திருடன் திருடன்" என்று கத்துவதைப் பார்த்திருக்கிறீர்களா? அதே சத்தத்தில் கத்தினான்.

"பச்சைக்கும் சிவப்புக்கும் வித்தியாசம் தெரியாதவனுக்கு அருவியில என்னட்டி வேல? அப்படி ஒருத்தன் இருந்தா அவன் வீட்டுலயே வாளியில மோந்து குளிக்கட்டும்!"

நான் கேட்கிறேன், தன் இனத்தையே இப்படிக் காட்டிக்கொடுக்கிறவனை எந்தக் கணக்கில் சேர்ப்பது? தனக்கு வேண்டிய வசதியைத் தானே குழிதோண்டிப் புதைக்கிறான். எதற்கு? அரை இஞ்ச் கௌரவத்துக்கு.

கோபத்தில் அவன் முகம் சிவந்தது. சிவந்தது என்று மற்றவர்கள் சொல்லித்தான் அவனுக்குத் தெரியும்.

வேல்விழி போனை அணைத்தாள். "சரிங்க" என்றாள்.

கல்யாணமாகி ஐந்து வருஷத்தில் வேல்விழி ஒரு வாதத்தில் "சரிங்க" என்று சொல்லி அவன் கேட்டதில்லை. அப்போதே அவன் உஷாராகியிருக்க வேண்டும். ஆனால் பயந்தவன் மூளைக்கு ஒரே வழிதான் தெரியும். அவளிடமிருந்தே விடையைக் கறந்துவிட ஒரு திட்டம் போட்டான். அவனைப் பொறுத்தவரை அது மகத்தான திட்டம்.

"ஏட்டி வேலு, உனக்கு ஒரு டெஸ்ட்."

"எனக்கா?"

"வெப்சைட்ட சாதாரண ஜனங்கள வச்சு சோதிச்சுப் பாக்கணும்லா. நீதான் சாதாரண ஜனம். சொல்லு, இதுல எது என்ன நிறம்?"

வேல்விழி குனிந்து பார்த்தாள். அவனையும் ஒருமுறை பார்த்தாள்.

"இடப்பக்கம் சிவப்பு. வலப்பக்கம் பச்சை."

"யோசிச்சுச் சொல்லு."

"யோசிச்சுத்தான் சொல்லுதேன். சரியா?"

"கரெக்ட்! நூத்துக்கு நூறு!" ஈஸ்வரன் அவள் முதுகில் தட்டிக்கொடுத்தான். "பாத்தியா? சாதாரண ஜனத்துக்கே புரியுது."

"உங்க புண்ணியம்" என்று சொல்லிவிட்டு அவள் அடுக்களைக்குப் போனாள். அங்கிருந்து ஒரு இருமல் கேட்டது. சிரிப்பை விழுங்கினாலும் அப்படித்தான் கேட்கும்.

மறுநாள், ஞாயிற்றுக்கிழமை காலையில் குத்துக்கல்வலசையில் அவர்கள் வீட்டு முன்னால் மீரானின் கார் வந்து நின்றது. அதன் பின்னாலேயே ஒரு ஆட்டோ. ஆட்டோவிலிருந்து துண்டும் எண்ணெய்ப் பாட்டிலுமாக வல்லிநாயகம் இறங்கினார். ஈஸ்வரன் அவசரமாக மார்பை அரை இஞ்ச் குறைத்துக்கொண்டான்.

"மாப்ள, அருவிக்குப் போற வழியில எட்டிப் பாத்துட்டுப் போலாம்னு வந்தேன். உங்க வெப்சைட்டப் பாத்துத்தான் எந்த அருவின்னு முடிவு பண்ணப் போறேன்."

தளம் இன்னும் ஊர் பார்வைக்கு வரவில்லை. இந்த இரண்டு பேர்தான் முதல் பார்வையாளர்கள். மீரானின் லாட்ஜிலிருந்து நிலவரம் போனில் வந்திருந்தது: மெயின் அருவியில் பாதுகாப்பு ஆர்ச்சைத் தாண்டித் தண்ணீர் விழுகிறது, போலீஸ் விசிலடித்து எல்லாரையும் வெளியேற்றிவிட்டது. புலியருவி தவிர மற்ற எல்லாமே தடை. ஈஸ்வரன் தடைக்கு இடப்பக்க வட்டத்தையும், புலியருவிக்கு வலப்பக்க வட்டத்தையும் போட்டு, லேப்டாப்பை ஒரு மாப்பிள்ளைத் தாம்பாளம்போல நீட்டினான்.

மீரான் கண்ணாடியைப் போட்டார். கழற்றினார். துடைத்தார். மறுபடி போட்டார்.

"என்ன தம்பி இது? மெயின் அருவியில ஆளையே அடிச்சுக்கிட்டுப் போறமாதிரி வெள்ளம் வருது. நீங்க பச்சைய காட்டுதீங்க?"

"பச்சையா?" என்றான் ஈஸ்வரன்.

"பச்சைப்பசேல்னு இருக்கு. புலியருவிதான் செக்கச்செவேல்னு நிக்கி. என் லாட்ஜுக்கு வருத ஜனத்த மொத்தமா மேல அனுப்பலாம்னு திட்டமா?"

ஈஸ்வரனுக்கு அருவிச் சத்தம் வீட்டுக்குள்ளேயே கேட்டது. சட்டைக்குள் வேர்வை ஐந்து கிளையாகப் பிரிந்து இறங்கியது. மாமனார் தொண்டையைச் செருமினார். ஆயிற்று. கண் போச்சு, மார்பு போச்சு, தளமும் போச்சு. பார்வை தானாக வேல்விழி பக்கம் திரும்பியது. அவள் நிதானமாக முந்தானையைச் செருகிக்கொண்டு வந்தாள்.

"பாய், அது வேணும்னே போட்டது."

"வேணும்னேயா?"

"ஆமா. வெறும் நிறத்த நம்புனா என்ன ஆகும்னு உங்களுக்குக் காட்டணும்னு இவிய நேத்துல இருந்து சொல்லிக்கிட்டு இருக்காவ. எத்தனையோ பேருக்குப் பச்சையும் சிவப்பும் ஒண்ணு போலத்தான் தெரியும் பாய். அந்த மனுசனுக்கு உங்க சிக்னல் இப்படித்தான் ஏமாத்தும். இல்லையாங்க?"

"ஆ... ஆமா" என்றான் ஈஸ்வரன்.

"அதுக்குத்தான் அசல் பக்கத்தத் தனியா வச்சிருக்காவ. இந்தா."

அவள் ஒரு பொத்தானைத் தட்டினாள். ஈஸ்வரன் இதுவரை பார்த்தேயிராத ஒரு பக்கம் திறந்தது. வட்டங்களில் ஒன்றுக்குள் டிக், ஒன்றுக்குள் குறுக்குக் கோடு. கீழே கொட்டை எழுத்தில் 'குளிக்கலாம்', 'குளிக்கத் தடை'. போனை எடுத்து விரலை இழுத்தாள். அதே குரல் இப்போது மணிமணியாகப் பேசியது: "மெயின் அருவி. வெள்ளம். குளிக்கத் தடை. புலியருவி. குளிக்கலாம்."

மீரான் எழுந்தே விட்டார். "யா அல்லாஹ்! போனே பேசுதே! எங்க வாப்பாவுக்கு எழுத்து மங்கிப்போச்சு, அவங்களும் கேட்டுக்கிடலாம். தம்பி, இதுதான் வேணும். அப்படியே போட்டுருங்க. உங்கள மாதிரி அடுத்தவங்க கஷ்டம் தெரிஞ்ச ஆளு கிடைக்கிறது லேசு இல்ல."

பச்சைக்கொடி காட்டிவிட்டார். இந்தப் பச்சை மட்டும் ஈஸ்வரனுக்கு நன்றாகத் தெரிந்தது. மாமனார் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "அப்ப புலியருவி" என்று கிளம்பினார். போகும்போது மாப்பிள்ளையை ஒரு மாதிரி பார்த்து, "மாப்ள, மூச்ச விடுங்க" என்றார்.

வாசல் காலியானதும் ஈஸ்வரன் திரும்பினான்.

"ஏட்டி! பச்சைப் பொய் சொல்லியிருக்க! இடப்பக்கம் சிவப்புன்னு சொன்னியே!"

"நீங்கதான நூத்துக்கு நூறுன்னீங்க?"

அவன் நாற்காலியில் உட்கார்ந்தான்.

"எப்ப இருந்து தெரியும்?"

"பொண்ணு பாத்துட்டுப் போன அன்னைக்கு, 'அந்தப் பச்சைச் சேலையில மகாலட்சுமி மாதிரி இருந்த'ன்னு மெசேஜ் போட்டீங்கள்லா? நான் அன்னைக்குக் கட்டுனது அரக்குச் சிவப்பு. பச்சை கட்டியிருந்தது எங்க சித்தி. சித்தியப் பாத்துட்டுப் போயிருக்கானேன்னு எங்கப்பாட்ட ஓன்னு அழுதேன். அவியதான் சொன்னாவ, 'ஏட்டி அழாத, அந்தப் பையனுக்குப் பச்சை சிவப்பு தெரியாது. போலீஸ் செலக்‌ஷன் அன்னைக்குக் கண் டெஸ்ட் ரூம் வாசல்ல நான்தான் டியூட்டி. மார்பளவெல்லாம் தாராளமா இருந்துச்சு'ன்னு."

ஐந்து வருஷமாக அடக்கி வைத்திருந்த மூச்சு ஒரேயடியாக வெளியே வந்தது.

"அப்ப... என் சட்டைக் காலர்ல இருக்க நூல் முடிச்சு?"

"ஒரு முடிச்சுன்னா பச்சை. ரெண்டுன்னா சிவப்பு. எதுக்கு எந்த பேண்டுன்னு பிரிச்சு அடுக்கியிருப்பேன்லா. டெய்லர் கைவேலைன்னு நெனச்சீங்களா?"

அவன் எழுந்து அடுக்களைக்குள் போய்ப் பார்த்தான். ஊறுகாய்ப் பாட்டில்களில் ஒன்றின் கழுத்தில் மட்டும் ரப்பர் பேண்ட். போன் சார்ஜருக்குப் பக்கத்தில், விளக்கின் நிறத்தைப் பார்க்கத் தேவையில்லாமல், சார்ஜ் ஏறிவிட்டால் 'டிங்' என்று அடிக்கும் மணி. தான் தந்திரமாக வாழ்ந்த வீடு என்று நினைத்திருந்தான். வீடே அவனுக்காக வடிவமைக்கப்பட்டிருந்தது. திரும்பி வந்தான்.

"வேலு, உன்ன மாதிரி ஒரு பொண்டாட்டி யாருக்குக் கிடைப்பா? செலவும் வைக்கமாட்ட. தீபாவளி, பொங்கல், கோயில் கொடை எல்லாத்துக்கும் தங்கக் கரை போட்ட அதே பழைய பச்சைச் சேலைதான். ஊரெல்லாம் உன்னப் பத்திப் பெருமையாச் சொல்லுதேன்."

வேல்விழி சேலைத் தலைப்பை நீவி விட்டுக்கொண்டாள்.

"அது பச்சை இல்லங்க" என்றாள். "அது ஒரு சேலையும் இல்ல. பதினாலு."